நாற்பது வருஷப் பத்திரம்

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியதும் எதிர் இருக்கையிலிருந்த அம்மாள் கணவரிடம் கேட்டார்: "உங்க தொண்ணூத்தெட்டாவது வயசுல வர்ற பணத்துலயா எனக்கு லிஃப்ட் வச்ச வீடு வாங்கப் போறீங்க?"

கணவர் ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனியில் முதலீட்டுப் பிரிவுத் தலைவராக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த தொகை முழுவதையும் நாற்பது வருஷ அரசுப் பத்திரத்தில் போட்டுவிட்டாராம்.

"ஆறு மாசத்துக்கொரு தரம் வட்டி வரும்ல?"

"மூணாவது மாடிக்கு வட்டியா ஏறப்போகுது? என் முட்டிதானே ஏறணும். வித்துடுங்க."

"இப்ப வித்தா நஷ்டம். ஆபீஸுக்கு முப்பது வருஷமா இந்த மாதிரி நீண்ட காலப் பத்திரம்தான் வாங்கினேன். ஒரு பாலிசிதாரர்கூட குறை சொன்னதில்ல."

பல்லாவரத்தில் கூட்டம் ஏறியது. அம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அவங்க போய்ச் சேர்ந்தப்புறம்தானே பணம் கேப்பாங்க? நான் உயிரோட இருக்கும்போதே கேக்கறேன்."