பெட்டிக்குள் இன்னொரு அறை

விலாசம் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, ஐயா. பெயர், கதவு எண், தெரு, ஊர், தாலுகா, மாவட்டம், பின்கோடு என்று ஒன்றையும் விடாமல் எழுதினால்தான் மனசு ஆறும். 'கோயில் எதிரில்' என்று மொட்டையாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எந்தக் கோயில்? எந்த ஊரில் நின்றுகொண்டு எதிரில்? நீங்கள் பேனாவும் காகிதமும் கொடுத்து நடந்ததை எழுது என்றீர்கள். வரிசையாகவே எழுதுகிறேன்.

என் பெயர் இருதயசாமி. சேவூரில் குடியிருக்கிறேன். ஆரணியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் குழந்தைகள் இல்லத்தில் எழுத்தர். என் மனைவி பாக்கியமேரி வீட்டிலிருந்தே தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள் வயிற்றில் தங்கி, மூன்றும் தங்காமல் போயின. தெருவில் எந்த வீட்டில் தொட்டில் கட்டினாலும் அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதன்பிறகுதான் செல்வி வந்தாள். ஆரோக்கியசெல்வி, நாங்கள் வைத்த பெயர். பஸ் ஸ்டாண்டில் கேட்பாரில்லாமல் நின்ற நாலு வயதுப் பிள்ளை என்று, அது சொன்ன பெயரோடு இல்லத்தில் பதிந்து, கோர்ட் உத்தரவு பெற்று நாங்கள் வளர்க்க எடுத்தோம். இல்லத்தை நடத்திய பழைய மதர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். போலீசில் சொல்லியாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. சொல்லலாம் என்றுதான் இருந்தேன். பிறகு அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த சிஸ்டர், செல்வி எங்களுக்குப் பிறந்தவள் என்றே நினைத்திருந்தார். நான் மறுக்கவில்லை.

எண்பத்தேழில் இல்லத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தூசு படக் கூடாது என்று அதற்குத் தனி அறை, பூப்போட்ட உறை, ஒரு ஃபேன். குழந்தைகளின் விவரமெல்லாம் அதில் ஒரே ஃபைலில் இருக்கும்படி வேலூரிலிருந்து வந்த பரசுராமன் அமைத்துக் கொடுத்தார். கெட்டிக்காரர், வாயும் அதிகம். அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று புரோகிராமுக்குச் சொல்ல ஒரு வரி எழுத வேண்டும். நான் ஃபைலின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். விலாசத்தில் அவ்வளவு பிடிவாதம் உள்ளவன் அதில் மட்டும் எப்படிச் சோம்பல்பட்டேன் என்று தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டர் பெட்டியைப் போட்டு, எதையோ தேடி வேறு டைரக்டரிக்குள் போய்விட்டு, அங்கிருந்தே புரோகிராமை ஓட்டினேன். இல்லத்தில் ஒரு குழந்தைகூட இல்லை என்றது. வெளியே பிள்ளைகள் கஞ்சிக்குத் தட்டு தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கிறது. உள்ளே திரையில் யாருமே இல்லை. பரசுராமனுக்குப் போன் போட்டேன்.

"ஏன் சார் பேஜார் ஆவுறீங்க? புள்ளைங்க எங்கயும் ஓடிப்போவல," என்று சிரித்தார். "டைரக்டரின்னா ஒரு ரூம்புன்னு வெச்சிக்கோங்க. பேரு மட்டும் குடுத்தா, நீங்க எந்த ரூம்புல நிக்கிறீங்களோ அங்கதான் தேடும். அங்க இல்லன்னா தானே ஒரு காலி ஃபைலைப் போட்டுகினு, எல்லாம் சரின்னு சொல்லும். தப்புன்னுகூடச் சொல்லாது. ஜல்தியா முழுப் பாதையையும் எழுதிடுங்க. அப்புறம் நீங்க எங்க நின்னாலும் ஒரே எடத்துக்குத்தான் போவும்."

எழுதிவிடுகிறேன் என்றேன். எழுதவும் இருந்தேன். அந்த வாரம்தான் செல்லியம்மாள் வந்தாள்.

தேவிகாபுரத்துக்காரி. புருஷன் இல்லை. ஆரணியில் ஒரு ரைஸ் மில் களத்தில் நெல் காயவைக்கும் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் ஆரணி பஸ் ஸ்டாண்டில் பிள்ளையைத் தொலைத்தவள். வேலூர் பஸ்ஸில் ஒரு பிள்ளை ஏறியதைப் பார்த்ததாக யாரோ சொல்ல, வேலூர், காட்பாடி, மெட்ராஸ் என்று அலைந்துவிட்டு, கடைசியில் எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தாள்.

"கொழந்த இங்க கீதான்னு பாருங்கய்யா. பேரு தனக்கோடி. தவுடுன்னு கூப்ட்டாத்தான் திரும்பிப் பாக்கும். மூக்குல வேப்பங்குச்சி போட்டுகினு இருக்கும்."

இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததைக் குப்பையில் புரட்டி, மூக்குக் குத்தி, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். விலைக்கு வாங்கின பிள்ளை என்று எமன் ஏமாந்து போவானாம். தவிடு என்று கூப்பிடுவதும் அதற்குத்தான்.

நாளைக்கு வா அம்மா, கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலம், எல்லோரும் ஜெபத்துக்குப் போனபின், பெட்டிக்குள் இன்னொரு டைரக்டரி உண்டாக்கினேன். குழந்தைகள் ஃபைலை அதே பெயரில் அங்கே நகல் எடுத்து வைத்து, நகலிலிருந்து ஒரே ஒரு பதிவை மட்டும் நீக்கினேன். பெட்டியைப் போட்டதும் அது அந்த இரண்டாவது அறையில் போய் நிற்கும்படி எழுதி வைத்தேன். முதல் ஃபைலிலும் அதை ஏன் அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். வளர்க்கக் கொடுத்த பிள்ளைகளைச் சரிபார்க்க வருஷாவருஷம் ஓர் அதிகாரி வருவார். அவர் தேடும்போது செல்வி இருக்க வேண்டும். செல்லியம்மாள் தேடும்போது இருக்கக் கூடாது. அதன்பின் வந்த பிள்ளைகளை இரண்டு ஃபைலிலும் பதிந்து வந்தேன். வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவள் கண்ணெதிரிலேயே பெயரை அடித்தேன். இல்லை என்று வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அந்த மரியாதை அவளுக்கு உண்டு.

அதன்பிறகு மாதாமாதம் வந்தாள். வரும்போதெல்லாம் மில்லிலிருந்து ஒரு படி தவிட்டைத் துணியில் முடிந்து கொண்டுவருவாள். "ஒருதபா தவுட்டுக்குத்தானே வாங்கனேன். எவங்கிட்ட கீதோ, அவங்க இத்த வாங்கிகினு குடுத்துடட்டும்," என்று மேசைமேல் வைப்பாள். திருப்பிக் கொடுத்தால் அழுவாள். அதனால் வாங்கிக்கொள்வேன். எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. தவிட்டுத் தண்ணீர் குடித்து நன்றாகக் கறந்தது. அந்தப் பாலைத்தான் செல்வி குடித்து வளர்ந்தாள். ஒருவிதத்தில் பெற்றவள் கையாலேயே பிள்ளைக்கு ஊட்டம் போய்ச் சேர்ந்தது. அதைத் தடுக்க நான் ஒன்றும் செய்யவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை அவள் உட்கார்ந்திருக்கும்போதே செல்வி உள்ளே வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் மதியத்தோடு விட்டிருந்தது. நீலப் பாவாடை, ரெட்டைப் பின்னல், கழுத்தில் மாதா சுரூபம் போட்ட பதக்கம்.

"யாரு கொழந்தைங்கய்யா?"

"என் பொண்ணு."

அவள் கூப்பிட, செல்வி என் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தாள். செல்லியம்மாள் எழுந்து வந்து அவள் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள். அவள் பார்த்தது மூக்கை. செல்வி வந்த முதல் மாதமே அந்தக் குச்சியை நான் எடுத்துவிட்டிருந்தேன். துளையை யாரும் மூடவில்லை ஐயா. குச்சி இல்லாவிட்டால் அது தானாகத் தூர்ந்துபோகும். அவள் விரலால் மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள். "ராசாத்தி. கண்ணு பட்டுடப் போவுது. சுத்திப் போடச் சொல்லுங்கய்யா வூட்ல," என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து செல்வி கேட்டாள்: "அந்த அம்மா மேல நல்ல வாசனப்பா. அது இன்னா வாசன?"

தவிட்டு வாசனை என்று சொன்னேன். அவளிடம் நான் எதையும் மறைப்பதில்லை.

கடைசியாகச் செல்லியம்மாள் வந்தது இந்த வருஷம் மாசியில். பாதி உடம்புகூட இல்லை. மில்லில் சோறு போட்டாலும் சாப்பிடாமல் வைத்துவிடுகிறாள் என்று மேஸ்திரி துரைக்கண்ணு சொல்லியிருந்தார். நான் பெயரை அடித்து, இல்லையம்மா என்றேன். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொட்டிக்குள்ள வேற ரூம்பு எதனா கீதாய்யா? நம்ம வூட்லயே ஒரு பொருள இங்க வெச்சிட்டு அங்க தேடுறோமில்ல. கோச்சிக்காதீங்க. வேற எடத்துல நின்னுகினு ஒருதபா தேடிப் பாருங்கய்யா."

"வேற அறை இல்லம்மா," என்றேன்.

நான் சொன்ன ஒரே பொய் அதுதான். மற்றதெல்லாம் பெட்டி சொன்னது.

பங்குனி வெயிலில் களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவள் அப்படியே குப்புற விழுந்தாள் என்று துரைக்கண்ணுதான் சொல்லியனுப்பினார். தேவிகாபுரத்துக்கு எடுத்துப் போக ஆளில்லை. மில்காரர்களே ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை செல்வியைக் கோயிலுக்கு அழைத்துப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னேன். யாருக்குப்பா என்றாள். தவிடு கொண்டுவருவார்களே, அந்த அம்மாவுக்கு என்றேன். பிள்ளை கண்ணை இறுக மூடி வெகுநேரம் ஜெபித்தது. செல்லியம்மாளுக்கு அதைவிட நல்ல ஜெபம் யாரால் சொல்ல முடியும்?

பிடிபட்டது எப்படி என்று உங்களுக்கே தெரியும். செல்வியின் முதல் நற்கருணைப் பூசைக்காக நான் விடுப்பில் இருந்தபோது பெட்டி மக்கர் செய்தது. சிஸ்டர் பரசுராமனைக் கூப்பிட்டிருக்கிறார். அவர், 'இத்த அப்பவே செய்யச் சொன்னேனே' என்று திட்டிக்கொண்டே முழுப் பாதையை எழுதியிருக்கிறார், முதல் அறைக்கு. சிஸ்டர் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோது ஒரு குழந்தை கூடுதலாக இருந்தது. தனக்கோடி, கூப்பிடும் பெயர் தவிடு, மூக்கில் குச்சி, வளர்ப்பவர் இருதயசாமி. தவிட்டு மூட்டையோடு மாதாமாதம் வந்தவளை சிஸ்டருக்கும் தெரியும்.

நீங்கள் வீட்டுக்கு வந்த அன்று பாக்கியமேரிக்கு எல்லாம் தெரிந்தது. அதற்குமுன் ஒன்றும் தெரியாது, அவளை விட்டுவிடுங்கள். அவள் என்னை அடிக்கவில்லை, கத்தவில்லை. "அந்தம்மா குடுத்த தவுட்டயா என் கையால மாட்டுக்குக் கரைச்சி வெச்சேன்?" என்று கேட்டாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை. பிள்ளை பஸ் ஸ்டாண்டில் கிடைத்ததாகத்தான் எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது. வீடு எங்கே என்று கேட்டால், 'பெரிய கோயிலாண்ட' என்று மட்டும் சொன்னதாகவும், எந்த ஊர்க் கோயில் என்று தெரியவில்லை என்றும் நானே எழுதியிருக்கிறேன். எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். அன்று நானும் தேவிகாபுரத்திலிருந்து அதே பஸ்ஸில்தான் வந்தேன். செல்லியம்மாள் எனக்கு முன் சீட்டில் இருந்தாள். பிள்ளை அவள் தோள்மேல் முகம் வைத்து என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தது. ஆரணியில் இறங்கியதும் அவள் பிள்ளையைத் தரையில் நிறுத்திவிட்டு, பஸ்ஸின் மேலிருந்து தன் மூட்டையை இறக்கப் பின்பக்கம் போனாள். நான் கையை நீட்டினேன். அது பிடித்துக்கொண்டது. கூட்டத்தைத் தாண்டும்போது பின்னால் 'தவுடு, தவுடு' என்று ஒரு குரல் கேட்டது. யாரோ தவிடு விற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. பிள்ளை திரும்பிப் பார்த்தது. நான் தூக்கிக்கொண்டேன்.

இப்போது செல்வியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவளிடம் யாராவது, உன் வீடு எங்கே என்று கேட்டால், கோயிலாண்ட என்று மொட்டையாகச் சொல்ல மாட்டாள். என் பெயர், கதவு எண், தெரு, சேவூர், ஆரணி தாலுகா, வட ஆற்காடு மாவட்டம், பின்கோடு வரை தடுமாறாமல் சொல்வாள். எந்த ஊரில் நிறுத்திக் கேட்டாலும் சரி. தினமும் படுக்கும்முன் சொல்ல வைத்துப் பழக்கியிருக்கிறேன். இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியாது ஐயா. ஒரு பிள்ளை தொலைந்துபோனால் பெற்றவர்கள் என்ன பாடு படுவார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.