நூற்றைம்பதுக்குக் கீழே

தொண்ணூற்றொரு நாள், காலையும் மாலையும், சர்க்கரை அளவை நோட்டில் எழுதினேன். ஒரு வேளைகூட விடவில்லை. எனக்கு ஒழுங்காக எழுதும் பழக்கம் உண்டு, மேடம். பி.எஸ்சி. வேதியியலில் என் ரெக்கார்டு நோட்டைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள்.

டாக்டர் கலையரசன் மேல் என் அண்ணன் அன்புச்செல்வன் புகார் கொடுத்திருக்கிறான். அவர் இன்சுலினைக் குறைத்ததால்தான் அப்பா இறந்தார் என்று சொல்கிறான். குறைத்தது உண்மை. ஆனால் டாக்டர் மேல் தவறில்லை. அந்தப் புகாரை விசாரிக்கும் உங்களிடம் அதைச் சொல்லத்தான் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறி வந்தேன். எனக்குப் பேச்சு குறைவு. நடுவில் நிறுத்தினால் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

அப்பா பெயர் தனசேகரன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயம். அம்மா போனபின், கரும்புக் கொல்லைக்கு நடுவிலுள்ள வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். கரும்பு வளர்ந்துவிட்டால் ரோடு தெரியாது. அண்ணன் சென்னையில். "நீதான் சயின்ஸ் படிச்சவ, பாத்துக்கோ" என்றான். நான்கு வருடம் பார்த்துக்கொண்டேன். இரண்டு வேலைகள் வந்து போயின. என் சர்டிபிகேட்டுகளை அப்பா பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார்.

ஓசூரில் ஒரு மருந்து கம்பெனி ஆய்வகத்திலிருந்து மூன்றாவதாக ஒரு கடிதம் வந்தது. என் அத்தை அம்சவள்ளிதான் அப்பாவிடம் கேட்டாள்.

"ஏண்ணே, பொண்ண எத்தினி நாளு கட்டிப் போட்டு வெச்சிருப்ப? கன்னுக்குட்டியா அது?"

அப்பா யோசித்தார். "சுகரு நூத்தம்பதுக்குக் கீழ மூணு மாசம் நிக்கட்டும். டாக்டரு வாயால சொல்லட்டும். சாவிய அவுத்துக் குடுத்துடறேன்."

அப்பா சொன்ன சொல் மாறமாட்டார். அன்று காலை அவருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.

டாக்டர் இன்சுலினை இருபத்துநான்கு யூனிட்டாக உயர்த்தினார். அதிகமில்லையா, சர்க்கரை இறங்கி மயங்கிவிட மாட்டாரா என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன். வாயால் கேட்கக் கூச்சம். படித்துவிட்டுச் சிரித்தார். "கேள்வி கேக்கற பொண்ணு இருக்கற வூட்ல பேஷன்ட் பொழச்சுப்பாரு" என்றார். அதன்பின் என் தாளைப் படிக்காமல் அவர் மருந்து எழுதியதில்லை.

நோட்டை அவர் நம்பமாட்டார். பஸ்ஸில் உட்கார்ந்து எண்களை எழுதி வருகிறவர்கள் உண்டு என்பார். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மிஷினைக் கொண்டுவரச் சொல்லி, அதன் மெமரியைத்தான் தட்டிப் பார்ப்பார். நூற்றுநான்கு, தொண்ணூற்றெட்டு, நூற்றுப் பதினேழு. பதினாறு யூனிட்டாகக் குறைத்தார். பிறகு எட்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அப்பாவுக்கு ரத்தசோகை இருக்கிறதே, அந்தப் பரிசோதனை தவறாகக் காட்டலாமே என்று எழுதிக் கொடுத்தேன். அறிவியல்படி அது சரிதான். "அடுத்த தடவ பாத்துக்கலாம்மா" என்றார்.

அவர் சொன்ன அளவைத்தான் போட்டேன். ஒரு யூனிட்கூடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அப்பாவுக்குக் கண்புரை. விரலில் குத்தியதும், எண்ணைப் படிக்க மிஷினோடு ஜன்னலுக்குப் போவேன்.

"இன்னா எழிலு, தெனம் ரெண்டு ஓட்ட. என்ன சல்லடையாக்கிட்டுதான் வுடுவியா? எவ்ளோ?"

"நூத்தி நாலுப்பா."

"பாஸா?"

"பாஸ்."

குழந்தை மாதிரி சிரிப்பார்.

இரண்டாம் மாதம் இளைத்தார். "சுகரு கம்மியானா அப்படித்தான், ஊளச்சதை எறங்கிடும்" என்று அத்தை சந்தோஷப்பட்டாள். டாக்டர் கேட்டபோது அப்பாவே பெருமையாக, "களியும் நடையும்தான் டாக்டரு" என்றார். நான் வேட்டிக்கு பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்ததால் கட்டிலருகில் இன்னொரு குடம் வைத்தேன். அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. தினமும் மஞ்சள்தூள் போட்டேன். எறும்பு ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் முடிந்ததும் டாக்டர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றே அப்பா சாவியைத் தந்தார். கயிற்றை அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. இடுப்பிலிருந்து அப்படியே கழன்று வந்தது.

"போய்ட்டு வா. உன்னாலதான் நான் தேறிக்கினேன்" என்றார்.

நான் ஓசூர் போன நான்காம் நாள் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஐந்நூற்று எழுபது. மறுநாள் இறந்தார். துணைக்கு வந்திருந்த அத்தையாவது வீட்டிலேயே சர்க்கரையை முன்னதாகப் பார்த்திருக்கலாம். மிஷின் என் பையோடு வந்துவிட்டது. மறதிதான்.

டாக்டர் பார்த்த எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை, மேடம். மிஷின் சரியாகத்தான் காட்டியது. அப்பாவின் விரலில் வரும் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிடுவேன். ஜன்னலோரம் திரும்பி நின்று நான் அளந்தது என் ரத்தத்தை.