தெளியும்வரை அலசிய முகமூடி

கல்முனையிலிருந்து மருதமுனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவரின் நகங்களெல்லாம் நீலச் சாயம்.

"ஆமிக்காரன்ட மூஞ்சிய இண்டைக்குச் சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டன் மச்சான்," என்றார் அவர்.

பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். "என்ன மூஞ்சி?"

"பழைய இரும்புக் கடையில எடுத்தமே, ஆமி கேஸ் மாஸ்க். எங்கட காக்கா நூல் வெளுக்கக்குள்ள வாற கேஸுக்குப் போடுறதுக்கு. ஒரே நாத்தம். கண்ணாடி, வார், ரப்பர் எல்லாத்தையும் கழட்டிக் கழுவினன்." காக்கா என்று அவர் சொன்னது தன் அண்ணனை.

"முன்னுக்குப் பூட்டுற டின்?"

"அதையும்தான் நெம்பித் திறந்தன். கறுப்புத் தண்ணி வந்துக்கிட்டே இருந்திச்சு. நாம நூல் அலசுற மாதிரி, தண்ணி தெளியுமட்டும் அலசினன்." குரலில் பெருமை இருந்தது.

"அது ஊத்தை இல்ல. கரி. அந்தக் கரிதான் கேஸ மறிக்கிறது. டின்னத் திறக்கவே கூடாது."

பாண்டிருப்பில் பஸ் நின்றது. ஆட்கள் அவசரமின்றி ஏறினார்கள்.

"இப்ப மாஸ்க் எங்க?"

"காக்காட முகத்துல. இந்நேரம் வெளுக்கிற மருந்து கலக்கத் தொடங்கியிருப்பாரு."

மற்றவர் கைத்தொலைபேசியை எடுத்துக் காக்காவை அழைத்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது எனக்கும் கேட்டது. மணி நின்றதும் திரும்பவும் அழைத்தார்.

"பயப்பிடாத மச்சான்," என்றார் சாயக்காரர். "அது நல்லாத்தான் வேலை செய்யுது. காலையில போட்டுப் பார்த்திட்டுக் காக்காவே சொன்னாரு, முந்தியத விட இப்ப மூச்சு லேசா வருதாம்."