கரடு ஃபோர்க் இப்போது ஏன் வருவதில்லை

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளி ஜெகதீஸ்வரன், அவன் மனைவி ரேணுகாதேவி, வண்டியை ஓட்டிப் பார்க்கும் சுந்தரபாண்டி, கூட்டிப் பெருக்கி டீ போடும் அவன் அம்மா மாயக்காள், புனேயில் இருந்து வந்த இரண்டு பேர், நான். டீயில் சீனி அதிகம். புனேக்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்கள்.

நீங்கள் சைக்கிள் பத்திரிகைக்காரர். 'கரடு' ஏன் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்று கேட்டுக்கொண்டு பெங்களூரில் இருந்து திருச்சுழி வரை வந்திருக்கிறீர்கள். டிசைன் கோளாறு என்று எல்லோரும் சொல்கிறார்கள், நீங்களும் அதைத்தான் எழுதப் போகிறீர்கள். டிசைனில் ஒரு குறையும் கிடையாது. அதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்தேன்.

அது முதலில் நூல்மில்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்த பட்டறை. ஜெகதீஸ்வரன் படித்து, வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வந்து, அதே லேத்தில் மலைச் சைக்கிளுக்கு முன்பக்க ஃபோர்க் செய்தான். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கல்லில் விழும் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷன். நரிக்குடி ரோட்டில் இருக்கும் கல்லுக்கரடு என்ற பாறை மேட்டில்தான் ஓட்டிப் பார்ப்போம், அதனால் அந்தப் பெயர். மணாலியில் இருந்தெல்லாம் ஆர்டர் வந்தது.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். பிறகு மில்லில் நைட் ஷிப்டு போனேன், அதையும் விட்டேன். பகலில் தூங்கிப் பழகியவனுக்கு ஊரில் ஆள் சேர்வதில்லை. ஜெகதீஸ்வரன்தான் வந்து வாசலில் நின்றான். "ஏலே வேலு, சும்மாத்தான கெடக்க, எந்திரிச்சு வாலே." பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டோம். என் வாழ்க்கையில் நல்லது என்று சொல்ல அது ஒன்றுதான்.

புனேக்காரர்கள் பிராண்டை வாங்க வந்திருந்தார்கள். முதல் லோடு சரியாகப் போய்ச் சேர்ந்தால் சித்திரையில் மெஷின், டிராயிங், ஜெகதீஸ்வரன், எல்லாம் புனேக்கு.

"நீயும் வாலே," என்றான் என்னிடம். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு 'சாப்பிடுறியா' என்று கேட்பார்களே, அந்த மாதிரி.

சுந்தரபாண்டி சிரித்தான். "வேலண்ணே மூஞ்சியப் பாருங்க, பொண்ணு பாக்க வந்தவுக பஜ்ஜியத் தின்னுட்டு வேண்டாம்னு போன மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஃபோர்க்கின் இரண்டு குழாய்களும் மேலே ஒரு கட்டையில் போய் இறங்கும். கிரவுன் என்போம். குழாயின் முனையைத் தின்னரில் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் காயவிட்டு, பசை தடவி, பிரஸ்ஸில் வைத்து இறக்க வேண்டும். துடைப்பது என் வேலை. புனே லோடுக்கு நான் தின்னரைத் தொடவில்லை. மெஷின் துடைத்த வேஸ்ட் பஞ்சால் துடைத்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய் போதும். அன்றைய சோதனையில் பசை நிற்கும். ஓட்ட ஓட்ட விட்டுக்கொடுக்கும்.

சத்தம் வரும், திருப்பி அனுப்புவார்கள், புனேக்காரர்கள் பின்வாங்குவார்கள், நாங்கள் பழையபடி சின்னப் பட்டறையாக இருப்போம். இவ்வளவுதான் என் கணக்கு. யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

லோடு ஏற்றுவதற்கு முன்னால் சுந்தரபாண்டி அதில் ஒன்றைத் தன் வண்டியில் மாட்டினான். கொடைக்கானல் பக்கம் ஒரு பந்தயம், ஜெகதீஸ்வரன்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவன் மாட்டுவதைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். கிட்டே போய் முன்சக்கரத்தை நானே இறுக்கிக் கொடுத்தேன். "அண்ணே, கப்பு செயிச்சா அதுல ஒங்களுக்கு டீ," என்றான்.

இறக்கத்தில் கிரவுன் கழன்றுவிட்டது. முகத்தைத் துணியால் மூடித்தான் கொண்டு வந்தார்கள்.

மாயக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. "நீதான் வண்டிய நல்லாப் பாத்துக் குடுத்தியாம்லப்பா. போறப்ப சொல்லிட்டுப் போனான்." அந்தக் கை சொரசொரவென்று இருந்தது. நான் அதை எடுத்துவிடவில்லை.

ஜெகதீஸ்வரன் உடைந்த ஃபோர்க்கை மேஜையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தான். எடையைக் குறைக்கக் குழாயின் சுவரை மெலிதாக்கியிருந்தான், அதனால்தான் பிடிப்பு விட்டது என்று அவனே ஒரு முடிவுக்கு வந்தான். என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். புனே லோடை நிறுத்திவிட்டு, விற்ற எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்தான். பழைய ஃபோர்க்குகள் பத்து வருஷம் ஓடும், நான் ஒழுங்காகத் துடைத்தவை. அவற்றையும் சேர்த்து ஒவ்வொன்றாக ரம்பத்தால் அறுத்தான். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். ஒரு நல்ல பிராண்டை அதைச் செய்தவனே அறுத்துப் போட்டான்.

ரேணுகாதேவி புனேயில் வேலை தேடிக்கொண்டு போனார்கள். போனில் புருஷனும் பெண்டாட்டியும் தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள், எனக்கு வராது. வந்துவிடு என்று அந்தம்மா கூப்பிடுவது மட்டும் குரலிலேயே புரியும். மாயக்காள் இருக்கும் ஊரை விட்டு எப்படி வருவது என்று இவன் போகவில்லை. பிறகு அவனை என் வீட்டுக்குக் கூட்டி வந்து, போனையும் நான் வாங்கி வைத்துவிட்டேன், பேசிவிட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறான் என்பதால். ஒரே வட்டிலில் பிசைந்து நான்தான் ஊட்டுகிறேன். பழைய மாதிரியே மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம்.

இதோ, எழுந்து வருகிறான். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம்.

"யாருலே வந்திருக்கா?"

"பெங்களூர்ல இருந்து. பழைய ஃபோர்க்குக்கு ஆயில் சீல் கிடைக்குமான்னு கேட்டாக, இல்லன்னுட்டேன்."

"நான்தான் சுவரக் கொறச்சேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அது தப்புத்தானலே வேலு?"

"ஆமாடா. தப்புத்தான். உள்ள போய்ப் படு."

பார்த்தீர்களா, எவ்வளவு மெலிந்துவிட்டான். தினமும் கேட்கிறான், தினமும் ஆமாம் என்கிறேன். இல்லை என்றால் வேறு காரணம் தேட ஆரம்பித்துவிடுவான், அதைத் தாங்க அவன் உடம்பில் தெம்பில்லை. நீங்கள் எழுதுவதை எழுதுங்கள். போலீசுக்குச் சொன்னாலும் சொல்லுங்கள். அவனிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

வாங்க, பஸ் ஏற்றி விடுகிறேன். வெளியில் பூட்டுவதைத் தப்பாக நினைக்காதீர்கள். என் வீட்டுக்கு வந்ததில் இருந்து ஒரு நாளாவது திறந்துவிடு என்று அவன் கேட்டதில்லை. இருக்கப் பிரியமுள்ளவன்தான் அப்படி இருப்பான்.

அவன் உள்ளே போய்ப் படுத்தான். கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, பூட்டினேன். ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.