இடப்பக்கம் இருந்தவள்

தருமபுரியிலிருந்து சித்தேரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்திருந்தவள் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

“எங்கூட்டுக்காரரு தட்டுல பாதிச் சோத்த அப்பிடியே வெச்சிட்டு, சோறு பத்தலைங்கறாருக்கா.”

“மீதி கண்ணுக்குத் தெரியலையா?”

“கண்ணு நல்லாத்தான் இருக்குதாம். மூளைக்கு ரத்தம் போற கொழாய் அடச்சி, மூளையில ஒரு பக்கம் செத்துப்போச்சுங்கறாரு டாக்டரு. எடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே இவருக்குத் தெரியல.”

“ஒடனே கூட்டியாரலையா?”

“காலையில கை மரத்துப்போச்சுன்னாரு. சாமைக்குக் களையெடுத்த அலுப்புன்னு தைலம் தேச்சிப் படுக்க வெச்சிட்டேன். வாய் கோணிக்கிட்ட பொறவுதான் பஸ்ஸுக்கு ஓடியாந்தோம்.”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவள்தான் மறுபடியும் பேசினாள்.

“தாலி கட்டுன நாள்ல இருந்து அவருக்கு எடது பக்கந்தான் உக்காருவேன். ஆஸ்பத்திரியிலயும் அஞ்சு நாளா அந்தக் கையப் புடிச்சிக்கிட்டு அங்கயேதான் இருந்தேன். இன்னிக்கு நர்ஸம்மா சொல்லித்தான் வலது பக்கம் போய் உக்காந்தேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘என்னைய இங்க போட்டுட்டு இத்தன நாளா எங்கடி போயிருந்த’ன்னு அழுவுறாருக்கா.”