நிமிஷத்துக்கு இருநூத்தி எண்பத்தேழு

ஐயையோ, அது மேல கால வைக்காதீங்க தம்பி! பாத்தீங்களா... பேசிருச்சு. தராசு அது. மேல ஏறினா எடையச் சத்தமாச் சொல்லும். என்ன பிரயோஜனம்? சீன பாஷைல சொல்லுது! நாலு மாசமா தினம் ஏறி நிக்கறேன், நான் இளைச்சேனா பெருத்தேனான்னு இந்த கிசுமு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க. வண்டி வாங்கத்தானே வந்தீங்க? எங்க வீட்டுக்காரரு ஒபியேரோ இப்பத்தான் வண்டிப் புத்தகத்த நகல் எடுக்க முக்குக் கடைக்குப் போனாரு. வந்துருவாரு. நானே எந்திரிச்சு டீ போட்டுக் குடுப்பேன், ஆனா நான் எந்திரிக்கக் கூடாதாம். அவரு உத்தரவு.

இந்த மனுஷனக் கட்டிக்கிட்டு நான் படற பாடு இருக்கே! பகல் பூரா அந்த மோட்டார் சைக்கிள்லதான் வாடகைக்கு ஆள் ஏத்தி இறக்குவாரு, சாயங்காலம் சந்தை வழியா வருவாரு, கைல ஒரு பெட்டி இருக்கும். மலிவா கிடைச்சுதாம். "அபோண்டி, இத வீட்ல வெச்சுப் பாத்துருவோம்"னு ஆரம்பிப்பாரு.

வாசல்ல ஒரு விளக்கு மாட்டினாரு. ஆள் வந்தா தானா எரியும், நாய் மாதிரி குலைக்கும். இவரு வந்தாலும் குலைக்கும், பாதிரியாரு வந்தாலும் குலைக்கும். திருடன் வந்த அன்னிக்கு மட்டும் சார்ஜ் இல்ல. வந்தவன் அந்த விளக்கையே கழட்டிட்டுப் போயிட்டான்!

அப்புறம் பறக்குற கேமரா. அத ஏன் கேக்கறீங்க... கேக்கலையா, பரவால்ல, நான் சொல்றேன். பக்கத்து வீட்டு ரிஸ்பா முற்றம் பூரா ஒமேனா மீனு காயப் போட்டிருந்தா. இது போயி அங்க எறங்குச்சு. எறங்குச்சுன்னா, ரெக்கை சுத்திக்கிட்டே எறங்குச்சு! மீனெல்லாம் கூரை மேல. தெருப் பூனைக்கெல்லாம் கல்யாண விருந்து. இப்பவும் அவ என்னைப் பாத்தா, "ஏரோப்ளேன் சௌக்கியமா?"ங்கறா.

எனக்குன்னு ஒண்ணு வாங்கியாந்தாரு பாருங்க, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தையல் மிஷினு. இருபது வருஷமா தைக்கிறவளுக்கு! அவரு சட்டையவே அதுல தச்சுப் பாத்தாரு. கை நுழைக்கிற ஓட்டையே இல்லாமத் தச்சு முடிச்சிருந்தாரு.

என்ன, சிரிக்கிறீங்களா? சிரிங்க. ஆனா ஒண்ணு, குடி கிடையாது, வேற வீட்டு வாசப்படி ஏற மாட்டாரு. பெட்டியப் பிரிக்கும்போது அவரு முகத்தப் பாக்கணும்... அதுக்காகவே நானும் வாய மூடிக்கறது. சரி, மூடறதில்ல, கொஞ்சம் கொறைச்சுக்குவேன்.

வண்டியா? வண்டி சரியில்ல தம்பி. புகை தள்ளும். ஏத்தத்துல நின்னுரும். பிரேக் புடிச்சா... அட எதுக்கு பொய். தங்கமான வண்டி. தினம் காலைல கைக்குழந்தையக் குளிப்பாட்டற மாதிரி கழுவுவாரு. அத விக்கிறாரு பாருங்க, அங்கதான் எனக்கு நெஞ்சு அடைக்குது. இல்லல்ல, நோவு இல்ல! ஓடிப்போய் தண்ணி எடுக்காதீங்க. உக்காருங்க சொல்றேன்.

கடைசியா வந்தது ஒரு கைக்கடிகாரம். எத்தனை எட்டு நடந்தோம்னு எண்ணும், நெஞ்சு எத்தனை தடவை அடிக்குதுன்னும் சொல்லும். எல்லாம் அவரு போன்ல போய் விழும். எனக்குக் கட்டிவிட்டாரு. அதப் பாத்துட்டு எங்க கோயில் பெண்கள் சங்கத்துல அத்தன பேரும் ஆளுக்கொண்ணு வாங்கிட்டாளுங்க. அதுல சிப்ரோசான்னு ஒருத்தி, உடனே ஒரு போட்டி வெச்சா. ரெண்டு வாரத்துல யாரு அதிகம் நடக்கறாளோ, அவதான் திருவிழா ஊர்வலத்துல கொடி புடிச்சு முன்னாடி போவாளாம். பதினாலு வருஷமா அந்தக் கொடிய அவதான் புடிக்கிறா தம்பி! நான் பின்வரிசைல, அவ முதுகப் பாத்துக்கிட்டே பாடறேன்.

நான் எங்க நடக்கறது? நாள் பூரா மிஷினு முன்னாடி உக்காந்து மிதிக்கறேன். கால் ஓயறதில்ல, ஆனா கடிகாரம் இருக்கறது கைல. என் கணக்கு அறுநூறு, அவ கணக்கு பத்தாயிரம். சரி, கால்லயே கட்டுவோம்னு பாத்தா பட்டை எட்டல. என் கணுக்கால் எங்க அம்மா வாகு.

வாசல்ல ஒரு சேவல் மேயுதே, பாத்தீங்களா? கவுன்சிலர்னு பேரு. கத்தல் மட்டும் உண்டு, வேலை கிடையாது. ஆனா தம்பி, ஒரு நிமிஷம் ஒரு எடத்துல நிக்காது! பட்டைல ரெண்டு எலாஸ்டிக் வெச்சுத் தச்சேன், கால்ல மாட்டினேன், விட்டேன். சாயங்காலம் பாத்தா பதினெட்டாயிரம்! மறுநாள் இருபத்தோராயிரம். சிப்ரோசா மூஞ்சி செத்துப் போச்சு. கொடி எனக்குன்னு முடிவாயிருச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை ஊர்வலம்.

நெஞ்சு கணக்க நான் மறந்தே போனேன்.

அவரு போன்ல என்ன விழுந்திருக்கு? நிமிஷத்துக்கு இருநூத்தி எண்பத்தேழு! கோழி நெஞ்சு அப்படித்தான் அடிக்குமாம், எனக்கெப்படித் தெரியும்? மனுஷன் பாத்துட்டு வெளிறிப் போயிட்டாரு. என் பொண்டாட்டி நெஞ்சு வெடிக்கப் போவுதுன்னு தூக்காத குறையா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனாரு. அங்க நர்ஸம்மா பாத்துட்டு ஒரு குறையும் இல்லைன்னாங்க. "இது ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்ற வியாதி, உங்களுக்குத் தெரியாது"ன்னு அவங்களுக்கே பாடம் எடுக்கறாரு! நைரோபில பெரிய இருதய டாக்டரு இருக்காராம். அதுக்குத்தான் தம்பி வண்டி.

சொல்லியிருக்கலாம்ல? சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள தெரு பூராச் சொல்லிட்டாரு. ரிஸ்பாவே மீன் கொழம்பு கொண்டுவந்து வெச்சுட்டு அழுதுட்டுப் போறா. சிப்ரோசா என் தலைல கைய வெச்சு ஜெபம் பண்றா, "இந்த நெஞ்சோட இருபதாயிரம் எட்டு நடந்தாளே"ன்னு! நான் என்னத்தச் சொல்ல?

இன்னொண்ணு... சிரிக்கக் கூடாது. இந்த ஒரு வாரமா அவரே உகாலிக் களி கிண்டறாரு. கட்டி கட்டியா இருக்கு, மாவு வேகல, ஆனா எனக்கு முதல்ல வெக்கிறாரு. பாத்திரம் கழுவறாரு. ராத்திரி நான் மூச்சு விடறேனான்னு மூக்குல வெரல் வெச்சுப் பாக்கறாரு. எனக்கு அது நல்லா இருந்துச்சு தம்பி. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்னு இருந்துட்டேன். வண்டியவே விப்பாருன்னு நான் கனவுலயும் நெனைக்கல. வண்டி போயிட்டா அவரு என்ன பண்ணுவாரு? அடுத்தவன் வண்டிக்குப் பின்னாடி உக்காந்து போவாரா? என்னால பாக்க முடியாது.

அதனால நீங்க ஒண்ணு பண்ணுங்க. அவரு வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிருங்க. சத்தம் புடிக்கல, நிறம் புடிக்கலைன்னு ஏதாச்சும் நான் சொல்லிக்கறேன். புண்ணியமாப் போவும். எந்திரிங்களேன்... ஏன் என்னைப் பாக்காம என் பின்னாடியே பாக்கறீங்க?

அட ஆண்டவா.

ஏங்க... எப்ப வந்தீங்க? எதுல இருந்து கேட்டீங்க? சேவல்ல இருந்தா? ...சிப்ரோசால இருந்தேவா!

தம்பி, எங்க போறீங்க, என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க! தம்பீ! போயிட்டான்.

திட்டுங்க. நாலு வார்த்தை நல்லாத் திட்டிருங்க, வாங்கிக்கறேன். இப்பவே போயி கொடிய சிப்ரோசா கையிலயே குடுத்துட்டு வந்துர்றேன். நிஜமாங்க. எனக்கு ஒண்ணுமில்லைங்க. நான் நல்லா இருக்கேன். வேணும்னா தையல் மிஷின மிதிச்சுக் காட்டவா? அட, கீழ ஏன் உக்கார்றீங்க? எதுக்கு அழுவறீங்க, நான்தான் சாகலையே!

என் கைய ஏன் புடிக்கறீங்க? மணிக்கட்டுல என்ன... நாடியா? வெரலால எண்ணறீங்களா? எழுபத்தொண்ணா? ஆங், நான் அப்பவே சொன்... என்ன, நான் பேசினா எண்ணிக்கை தப்புதா?

சரி. பேசல. முதல்லேருந்து எண்ணுங்க.