ஒற்றை ஆளுக்குச் செய்த வண்டி

இந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் கட்டை, இன்ஸ்பெக்டர் ஐயா. அட்டையை மடித்து அடியில் வைத்தால் ஆடாது. இதில் உட்கார்ந்த எல்லோரும் ஆடித்தான் இருப்பார்கள், குனிந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றியிருக்காது. நம் ஊர்க்காரர்களின் லட்சணம் அது.

நான் பிச்சைமுத்து. உறையூர் மருதையின் மூத்த மாப்பிள்ளை. ஆடிப்பெருக்கு அன்று முக்கொம்புக்குப் போகிற வழியில் ஒரு ஃபியட் கார் வாய்க்காலில் விழுந்ததே, அந்த வழக்கை எழுதியவர் நீங்கள்தான். என் மனைவி வள்ளிக்கண்ணுவும் மாமியார் ரெங்கம்மாளும் அதில் போய்விட்டார்கள். டிரைவர் தாஜுதீன் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவனைக் காப்பாற்ற நான் இங்கே வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை நல்லவன் என்று நினைத்து நீங்கள் ஏமாறக் கூடாது.

நேற்று கோர்ட்டில் வண்டிப் பரிசோதகர் சாட்சி சொன்னாரே, நினைவிருக்கிறதா? வண்டியின் ஸ்பிரிங்கில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், ரோட்டோரக் கொட்டகையில் எவனோ விவரம் தெரியாதவன் செய்த வேலை என்றார். வக்கீல்கள் தலையாட்டினார்கள். நீங்களும் ஆட்டினீர்கள், நான் பார்த்தேன். அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேலையைச் செய்தவன் நான். விவரம் தெரிந்துதான் செய்தேன்.

நான் பிசிக்ஸ் படித்தவன். மலைக்கோட்டைக்குக் கீழே என் மாமனாருக்கு மொத்த ஜவுளிக்கடை. எனக்குப் பெண்ணைக் கொடுத்து, வீட்டோடு வைத்துக்கொண்டு, கல்லாவில் உட்காரவைத்தார்கள். பட்டம் வாங்கிய மாப்பிள்ளை என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள், புதிதாக வாங்கின கடிகாரத்தைக் காட்டுவது போல. கார் வந்தபோது அதையும் அப்படித்தான் காட்டினார்கள். ரெங்கம்மாள் அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குச் செய்கிற அத்தனையும் செய்தார். வைக்கோல் போடாததுதான் பாக்கி.

மதராஸுக்கு வடக்கே சோழவரத்தில் யுத்தகாலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே கார்ப் பந்தயம் நடக்கும். பெரிய வீட்டுப் பிள்ளைகள் பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டிகளில் வருவார்கள். மற்றவர்கள் வீட்டுக் காரையே ஓட்டிக்கொண்டு போய், விளக்குக் கண்ணாடியில் காகிதம் ஒட்டி, பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓடலாம். முதல் தடவை போனபோது கடைசியாக வந்தேன். என்னை முந்திப் போனவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை. அவர்கள் வண்டி தரையைப் பிடித்தது, என் வண்டி பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

குடும்பக் கார் என்பது சக்கரம் வைத்த மெத்தை, ஐயா. வேகமாகத் திருப்பினால் ஒரு பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அதை இறக்கி, இறுக்க வேண்டும். பின்பக்க ஸ்பிரிங் கட்டிலிருந்து சில பட்டைகளைக் கழற்றினேன். பாடி கீழே இறங்கிற்று. பாடி அச்சில் மோதாமல் தடுக்கப் பக்கத்துக்கு ஒரு ரப்பர் கட்டை இருக்கும். இறக்கிய வண்டிக்கு அது இடைஞ்சல். அதையும் கழற்றினேன். ஷாக் அப்சார்பரில் கெட்டியான எண்ணெய் ஊற்றினேன். வண்டி பாறை மாதிரி நின்றது. பின் அச்சின்மேல் ஓடுகிற பிரேக் பைப்புக்கும் பாடிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி மிஞ்சிற்று. ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டிக்கு அந்த இரண்டு விரல் தாராளம். இது விவரம் தெரியாதவன் போடுகிற கணக்கா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த பந்தயத்தில் மூன்றாவதாக வந்தேன். என்னோடு வந்தது வள்ளிக்கண்ணு மட்டும்தான். வேலிக்கு வெளியே, வெயிலில், என் சட்டையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கி வந்ததும், "மொத ரெண்டு பேரும் இதுக்குன்னே வளந்தவங்க. நீங்க கல்லாவுலேர்ந்து எந்திரிச்சு வந்து மூணாவது. இதுதாங்க பெருசு" என்றாள். என்னைப் பற்றி அவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை. எனக்கு அவள்மேல் பிரியம் இருந்தது. அதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஆரம்பித்தது புலம்பல். மாமனார் கடைக்குப் போய் இறங்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "இது காரா, கட்டவண்டியா மாப்ள? முன்ன மாதிரி மாத்திக் குடுத்துருங்க. இல்லன்னா நான் வித்துட்டுப் போறேன்" என்றார். அந்தப் பங்குனியில்தான் என் மச்சினிக்குக் கல்யாணமாகி, ஸ்ரீரங்கத்து ரெங்கராஜ் எனக்குச் சகலையாக வந்து சேர்ந்திருந்தான். பாங்கு வேலை. எதைச் சொன்னாலும் சொல்லி முடித்துவிட்டுச் சுற்றி எல்லோர் முகத்தையும் பார்ப்பான். விருந்துச் சாப்பாட்டில் அத்தனை பேர் நடுவில், "சகல செஞ்ச வண்டி ஒத்த ஆளுக்குத்தாங்க மாமா ஆவும். குடும்பத்துக்கு ஆவாது" என்றான். இலை முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த ரெங்கம்மாளும் சிரித்தார்.

அவன் சொன்னது சரிதான். ஆனால் அதைச் சொல்வதற்கு அவன் யார்?

சில நாள் கழித்து, மாற்றிவிட்டேன் என்று மாமனாரிடம் சொன்னேன். மாற்றியது எண்ணெயை மட்டும். கெட்டி எண்ணெயை எடுத்துவிட்டு இளகிய எண்ணெய் ஊற்றினேன். பட்டைகளையும் ரப்பர் கட்டைகளையும் திருப்பிப் போடவில்லை. அடுத்த பந்தயத்துக்கு எல்லாம் அப்படியே வேண்டும், இந்தக் கூட்டத்தின் இடுப்புக்காக நான் பட்ட பாட்டை வீணாக்க முடியாது. வண்டி மெத்தென்று ஆகிவிட்டது. "இப்பத்தான் கார் கார் மாதிரி இருக்கு" என்று மாமனார் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். குனிந்து அடியில் பார்க்க ஒரு ஆள் கிடையாது அந்த வீட்டில். ரப்பர் கட்டையில் ஒன்றை ரெங்கம்மாள் எடுத்துக்கொண்டு போய், காற்றில் அடித்துக்கொள்கிற சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். அந்த வீட்டில் எல்லோரும் தினம் பத்துத் தடவை அதைத் தாண்டித்தான் போனார்கள்.

பட்டை குறைந்த வண்டியில் எண்ணெயையும் இளக்கினால், ஆள் ஏற ஏற பாடி அமுங்கும். தடுக்கக் கட்டை இல்லை. இது எனக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள், தெரியும். அவர்கள் சொகுசு கேட்டார்கள், நான் கொடுத்தேன்.

ரெங்கம்மாள் கொஞ்சம் கனத்த உடம்பு. ஒருநாள், "நான் ஏறுனா மட்டும் அடியில டொக்குங்குது மாப்ள. என் கனம் வண்டிக்கே புடிக்கல போலருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் வண்டி பேசியதைக் காதில் வாங்கிய ஒரே மனுஷி அவர்தான். அதையும் வேடிக்கையாக்கிவிட்டார்.

ஆடிப்பெருக்குக்கு மச்சினியையும் ரெங்கராஜையும் அழைத்திருந்தார்கள். முக்கொம்புக்குப் போய்த் தாலிக்கயிறு மாற்றி, கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. முதல்நாள் சாயங்காலம், எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்த்தேன். பிரேக் பைப்பில் ஓரிடம் புதுக் காசு போல் பளபளத்தது. தடவினேன். நசுங்கிப் பள்ளமாகியிருந்தது. இரண்டு விரல் என்று நான் விட்டிருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. பாடி இறங்கி இறங்கி அதை அடித்துக்கொண்டிருக்கிறது. அது போனால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்.

சமையலறைக்குப் போனேன். கதவடியிலிருந்து அந்த ரப்பர் கட்டையை எடுத்தேன். ரெங்கம்மாள் மறுநாளைக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்க்காமலே, "அத எடுக்காதீங்க மாப்ள, கதவு அடிச்சுக்கும்" என்றார். கூடத்தில் ரெங்கராஜ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நான் இதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனால் எங்கே என்பான். வண்டிக்கு அடியில் படுத்தால் பக்கத்தில் வந்து நிற்பான். "நான்தான் அன்னிக்கே சொன்னனே" என்பான், சொல்லிவிட்டுச் சுற்றி எல்லோர் முகத்தையும் பார்ப்பான். நான் கட்டையை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கதவு அடித்துக்கொள்ளக் கூடாதல்லவா.

காலையில் தாஜுதீன் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தான். மாமனார் முன்னால். பின்னால் மாமியார், மச்சினி, ரெங்கராஜ். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனனின் இரண்டு பிள்ளைகள் பெரியவர்கள் மடியில். டிக்கியில் புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், ஜமுக்காளம், குடம். வள்ளிக்கண்ணுவும் ஏறினால், டிரைவரோடு எட்டு. தயிர்சாதத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், பிள்ளைகள் சௌகரியமாக உட்காரட்டும் என்றேன். "எங்க மாப்ளைக்கு இருக்குற மனசு யாருக்கு வரும்" என்று ரெங்கம்மாள் எல்லோரிடமும் சொன்னார்.

வள்ளிக்கண்ணு ஏறவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆளு சாஸ்தின்னு நெனக்கிறீங்களா? இருந்தா சொல்லுங்க. உங்க பேரு வராம நான் அப்பாகிட்ட வேற ஏதாச்சும் சொல்லிக்கறேன்."

காருக்குள்ளிருந்து ரெங்கராஜ் எட்டிப் பார்த்தான். "என்ன சகல, உங்க வண்டி எங்கள எல்லாம் தாங்குமா?"

"தாராளமாப் போலாம்" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"அப்ப நானும் உங்களோட பஸ்ல வரேன்" என்றாள் வள்ளிக்கண்ணு. அவளும் வராமல் நின்றால் அவன் ஏன் என்று கேட்பான். "நீ ஏறு" என்றேன். ஏறி இடது ஓரத்தில், கதவை ஒட்டி உட்கார்ந்தாள். வண்டி நகரும்போது என்னைப் பார்த்துக்கொண்டேதான் போனாள். அடியில் டொக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது.

மற்றது உங்களுக்குத் தெரியும். முக்கொம்புக்கு முந்தின வளைவில் மாட்டு வண்டிகள், பெண்கள், கைக்குழந்தைகள் என்று ரோடு நிறையக் கூட்டம். தாஜுதீன் பிரேக்கை மிதித்திருக்கிறான். மிதி தரைவரைக்கும் போய்விட்டது. கூட்டத்துக்குள் விடாமல் இடது பக்கம் ஒடித்து வாய்க்காலில் இறக்கினான். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இவ்வளவு பெருமையை அவனுக்குக் கொடுக்கலாம். விலா ஒடிந்தவன், தண்ணீருக்குள் முங்கி முங்கிப் பிள்ளைகளை வெளியே போட்டான். மச்சினியையும் மாமனாரையும் இழுத்தான். ரெங்கராஜ் தானாகவே ஏறி வந்துவிட்டான், அவனுக்கு ஒரு கீறல் இல்லை. இடது கதவு சேற்றில் புதைந்திருந்தது.

என் பஸ் அந்தக் கூட்டத்தில் வந்து நின்றது. தூக்கோடு இறங்கினேன். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து, அடிவயிறு ரோட்டைப் பார்த்துக் கிடந்தது. சரிவில் இறங்கிக் கிட்டே போய், முதலில் பைப்பைத்தான் பார்த்தேன். பளபளத்த அதே இடத்தில் அறுந்திருந்தது. ஒரு நூல் அப்பால் இப்பால் இல்லை. என் கணக்கு பிசகவில்லை. அதற்கப்புறம்தான் வள்ளிக்கண்ணு எங்கே என்று கேட்டேன்.

அவளுக்காக அழுதேன், ஐயா. இப்போதும் அழுகை வருகிறது. ஆனால் அழுகையை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் எழுத முடியாது, அதனால் எழுத வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்பிரிங் வேலையைச் செய்தது பிச்சைமுத்து, பிசிக்ஸ் படித்தவன், சோழவரத்தில் மூன்றாவதாக வந்தவன். கொட்டகை, விவரம் தெரியாதவன் என்கிற வார்த்தைகளை அடித்துவிடுங்கள். சாட்சிக்கு வேண்டுமானால் அந்த ரப்பர் கட்டை இன்னும் சமையலறைக் கதவடியில்தான் இருக்கிறது. எடுக்கிற கான்ஸ்டபிளைக் கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாஜுதீனை விடுவதானால் விடுங்கள், அது உங்கள் பாடு.

கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். யாரையும் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த வண்டியில் ஒரு தவறும் கிடையாது. ஒற்றை ஆளுக்குச் செய்த வண்டியில் எட்டுப் பேர் ஏறினால் வண்டி என்ன செய்யும்?

இடம் இல்லாமல்தானே நான் பஸ்ஸில் வந்தேன் என்கிறீர்கள். இல்லை. முன்சீட்டில் மாமனார் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். முதல்நாள் அந்தப் பைப்பைத் தடவிப் பார்த்தவன் எவன் ஐயா அந்த வண்டியில் ஏறுவான்?